அடிக்குறிப்பிலிருந்து உஷாவை மீட்டல்

சென்ற மாதம் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளரிடம் ஒப்படைத்தேன். மலையாளத் திரைப்படத்தில் அதிநாயகக் கதைகள் வேரூன்றிய விதம் குறித்த இயல் அது. ‘மின்னல் முரளி’க்கு மட்டும் இருபத்தெட்டுப் பக்கங்கள் ஒதுக்கியிருந்தேன். படித்து முடித்த நெறியாளர் ஒரே ஒரு வினாவைத்தான் எழுப்பினார்: “உஷா ஏன் அடிக்குறிப்பில் மட்டும் வருகிறாள்?” விடை சொல்ல இயலாமல் காரியவட்டம் வளாகத்தின் மரநிழலில் நெடுநேரம் நடந்துகொண்டிருந்தேன். இப்பதிவு அவ்வினாவுக்கான காலந்தாழ்ந்த விடை.

படத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: பேசில் ஜோசப் இயக்கி, 2021 டிசம்பர் 24 அன்று நெட்பிளிக்ஸில் வெளியான படம் ‘மின்னல் முரளி’. குறுக்கன்மூலை என்னும் கற்பனைச் சிற்றூரில் ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையற்காரன் ஜெய்சன் (டொவினோ தாமஸ்); மற்றவன் ஊரார் ஒதுக்கிவைத்த ஷிபு (குரு சோமசுந்தரம்). இருவருக்கும் ஒரே ஆற்றல் வாய்க்கிறது. ஒருவன் காவலனாகிறான், ஒருவன் அழிப்பவனாகிறான்.

ஷிபு இளமை முதல் நேசித்த பெண் உஷா. வேறொருவனை நம்பி ஊரைவிட்டுச் சென்றவள், பல ஆண்டுகளுக்குப் பின் நோயுற்ற மகளோடு உடன்பிறந்தான் தாசனின் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். ஷெல்லி கிஷோர் ஏற்ற இப்பாத்திரம் திரையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. ஷிபு தன் மனத்தை அவளிடம் திறந்து காட்டும் காட்சியைப் பலரும் வியந்து எழுதினார்கள். பெரும்பாலோர் எழுதியது குரு சோமசுந்தரத்தின் முகத்தைப் பற்றி. நானும் அதையே ஆறு பக்கங்களுக்கு எழுதினேன். மதுரையிலிருந்து கூத்துப்பட்டறை வழியாக வந்த ஒரு தமிழ் நடிகர் மலையாளத் திரையில் பெற்ற வெற்றி என்ற பெருமிதமும் என் கண்ணை மறைத்திருக்கக்கூடும்.

அதிநாயகக் கதைகளில் பெண் இறப்பது புதிதன்று. 1973இல் ஸ்பைடர்மேனின் காதலி குவென் ஸ்டேசி இறந்தாள். 1994இல் கிரீன் லேன்டர்ன் சித்திரக்கதையின் 54ஆம் இதழில் நாயகனின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டாள். நாயகனின் சினத்தை மூட்டுவதற்காகவே பலியிடப்படும் இத்தகைய பெண்களைக் கெயில் சிமோன் 1999இல் பட்டியலிட்டார். அப்பெட்டியையே பெயராகக் கொண்ட ஒரு கலைச்சொல்லும் அன்று பிறந்தது. என் அடிக்குறிப்பு உஷாவையும் அப்பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. ஊர்க் கும்பலின் ஆத்திரம் மூட்டிய தீயில் அவள் இறக்கிறாள். ஷிபு முழுமையாக வெறிகொள்கிறான். ஆகவே அவள் ஒரு கருவி. வகைப்படுத்தியதும் என் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

மீண்டும் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. ஜெய்சனும் ஷிபுவும் பற்றுக்கோடின்றித் தொடங்கியவர்கள்தாம். ஜெய்சனின் தந்தை வெடி விபத்தில் இறந்த நாடகக் கலைஞர். ஆனால் ஜெய்சனுக்கு வளர்ப்புத் தந்தை வர்க்கி இருக்கிறார்; மறைந்த பி. பாலச்சந்திரன் அவ்வேடத்தில் எவ்வளவு கனிவைக் கொண்டுவந்தார்! அக்காள் இருக்கிறாள், அவனது ஆற்றலை உடனிருந்து சோதித்துப் பார்க்கும் அக்காள் மகன் ஜோஸ்மோன் இருக்கிறான், துணைக்குப் பிஜி வருகிறாள். ஷிபுவுக்கு இவர்கள் அனைவரின் இடத்திலும் இருப்பவள் ஒருத்தி மட்டுமே. ஒரு குடும்பமும் ஓர் ஊரும் சேர்ந்து ஜெய்சனுக்குச் செய்ததை, ஷிபுவுக்குத் தனியொருத்தியாக நின்று செய்தவள் உஷா. மின்னல் இருவரையும் சமமாகத் தாக்கியது. சுற்றியிருந்த மனிதர்கள்தாம் சமமாக வாய்க்கவில்லை. படத்தின் அறம் நிற்கும் இடம் அது என்றால், உஷா அடிக்குறிப்பில் அடங்குபவள் அல்லள்.

அவளுடைய துணிவையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஊர் முழுதும் பித்தன் என்று முத்திரை குத்திய ஒருவனை, அம்முத்திரையைப் பொருட்படுத்தாமல் மனிதனாக நோக்கியவள் அவள். முன்பு தவறான ஒருவனை நம்பிப் போனவள் என்பது அவள்மீது ஊர் குத்திய முத்திரை. மறுபடியும் ஒருவனை நம்புவதற்கு ஊரின் ஒப்புதலை அவள் எதிர்பார்க்கவில்லை. வங்கியைக் கொள்ளையிட்டாவது அவள் மகளைக் காப்பாற்ற முனைந்த ஷிபுவின் குற்றங்களை நான் நியாயப்படுத்த முன்வரவில்லை. அவற்றின் சுமையை உஷாவின் தலையில் ஏற்றி, ‘அவளால்தான் இவன் இப்படி ஆனான்’ என்று பேசுவதையே மறுக்கிறேன்.

இனி, இவ்வாய்வுக்கு வெளியே நிற்கும் ஒன்று. நாகர்கோவில் அருகே எங்கள் வீட்டில் என் அத்தை இருக்கிறாள். மணமாகி இரண்டாம் ஆண்டே கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். ‘வாழாவெட்டி’ என்ற சொல்லை முதன்முதலில் நான் கேட்டது அவளைக் குறித்துத்தான். அப்போது எனக்குப் பொருள் தெரியாது. அடுப்படியை ஒட்டிய சிறு அறையில் தையல் இயந்திரம் ஓட்டினாள். என் முதுகலைக் கட்டணம் அந்த இயந்திரத்திலிருந்தே வந்தது. எனினும் என் ஆய்வேட்டின் நன்றியுரையில் ‘மற்றும் குடும்பத்தினர்’ என்ற தொடருக்குள்தான் அவளை வைத்திருந்தேன்.

நெறியாளரின் வினாவுக்குப் பிறகு வந்த விடுமுறையில் படத்தின் தமிழ் வடிவத்தை அவளுடன் அமர்ந்து பார்த்தேன். ஷிபு உஷாவிடம் பேசும் காட்சி வந்தது. நான் வழக்கம்போல நடிப்பின் நுட்பத்தை விளக்கத் தொடங்கினேன். அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானே மக்ளே. அது போதாதா?”

அதன் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பல ஆண்டுகளுக்கு முன், மனைவியை இழந்த ஒரு கடைக்காரர் அவளை மணக்க விரும்பி எங்கள் தாத்தாவிடம் வந்திருக்கிறார். தாத்தா மறுத்து அனுப்பிவிட்டார். அவர் வந்து போனதை அத்தை அறிந்தது மூன்று மாதம் கழித்து, பக்கத்து வீட்டார் சொல்லி. “என்ன சொல்லியிருப்பீங்க அத்தை?” என்று கேட்டேன். “அது தெரியாது. கேட்டிருந்தால்லா தெரியும்” என்றாள். பின் எழுந்து விளக்கு வைக்கப் போய்விட்டாள்.

உஷாவுக்கு ஆற்றல் ஏதுமில்லை. மின்னல் அவளைத் தீண்டவில்லை. ஆயினும் தன் வாழ்வைப் பற்றிய வினா ஒருமுறையேனும் அவளிடமே கேட்கப்பட்டது. அவளே விடை சொன்னாள். அந்தச் சில நொடிகளைத் திரையில் பார்ப்பது எத்தனை பெண்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை இருபத்தெட்டுப் பக்கங்கள் எழுதிய என்னால் ஊகிக்க இயலவில்லை.

மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். உஷாவுக்குத் தனிப்பகுதி ஒன்று வருகிறது. நன்றியுரையையும் மாற்றி எழுதிவிட்டேன். அத்தையின் பெயரைப் போடலாமா என்று இம்முறை அவளிடமே கேட்டேன். ஒருநாள் யோசித்துவிட்டுச் ‘சரி’ என்றாள்.

நண்பர்கள் அப்படத்தை மறுபடியும் பார்க்க நேர்ந்தால், அக்காட்சியில் ஷிபுவின் முகத்திலிருந்து சற்றே விலகி, கேட்டுக்கொண்டிருப்பவளையும் பாருங்கள்.