கரண்ட் வந்தது, காமிரா வரவில்லை

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீசில் ஆணி அதிகம் என்று வழக்கமான சாக்கைச் சொல்லலாம், ஆனால் இந்த முறை காரணம் வேறு. என்னைப் போலப் பொட்டி தட்டிக்கொண்டு, ஊரில் அப்பா அம்மாவைத் தனியாக விட்டு வந்தவர்களுக்கு உதவலாம் என்று எழுதி வைக்கிறேன்.

அம்மா போனபிறகு அப்பா மாயவரத்தில் தனியாகத்தான் இருக்கிறார். புனேக்கு வந்துடுங்கப்பா என்றால், "அங்க வந்து யார்கிட்டடா பேசறது?" என்பார். அதனால் அவர் சம்மதத்தோடு, ஊஞ்சல் இருக்கிற கூடத்தில் மட்டும் ஒரு காமிராவும் ஒரு ராஸ்ப்பெரி பையும் வைத்தேன். வெளியிலிருந்து நேராக அந்த வீட்டு இணைப்புக்குள் நுழைய வழியில்லை. பையே என் வாடகை சர்வருக்கு ஒரு எஸ்எஸ்ஹெச் டனல் போட்டு வைக்கும், அது வழியாக நான் பார்ப்பேன். பெட்டி எழுந்ததும் டனலும் தானாக எழுவதற்கு சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் எழுதினேன். நாலு முறை ரீபூட் செய்தேன், நாலு முறையும் வந்தது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

ஆனால் ஊரில் கரண்ட் போய் வந்தால் மட்டும் படம் வராது. போன் செய்தால் "பொட்டியில லைட் எரியுதேடா" என்பார். அணைச்சுப் போடுங்கப்பா என்பேன், வந்துவிடும். ஏன் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கணும் என்று நினைப்பதோடு சரி.

போன மாசம் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. விடிகாலையில் ஊஞ்சலிலிருந்து எழுந்தவர் வழுக்கி விழுந்துவிட்டார். முக்கால் மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் நான் மொபைலில் பார்த்தேன். படம் வரவில்லை. வழக்கமான கரண்ட் கட் என்று நினைத்துக் குளிக்கப் போய்விட்டேன். பால்காரம்மாதான் பார்த்துத் தூக்கி உட்கார வைத்தார். நல்லவேளை, கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. ஆனால் அந்தக் குளிக்கப் போனது இருக்கிறதே, அது இன்னும் என்னை விடவில்லை.

தட்கலில் டிக்கெட் போட்டு ஓடினேன். அப்பா தூங்கியதும் பெட்டியோடு உட்கார்ந்தேன். முதல் சந்தேகம், எனேபிள் செய்தேனா? ஒரு சர்வீஸை ஸ்டார்ட் செய்வது வேறு, எனேபிள் செய்வது வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் அது எழாது. பார்த்தேன், எனேபிள் ஆகித்தான் இருந்தது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கேட்டால் 'ஃபெய்ல்ட்' என்றது. ஜர்னல்சிடிஎல்லில் இந்த பூட்டுக்கான லாகை மட்டும் எடுத்துப் பார்த்தேன். சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஐந்து முறை. அப்புறம் மௌனம்.

விஷயம் இதுதான். கரண்ட் வந்ததும் பை அரை நிமிஷத்தில் எழுந்துவிடுகிறது. ரூட்டருக்கு நெட் கிடைக்க மூணு நிமிஷம் ஆகிறது. 'நெட்வொர்க் டார்கெட்டுக்குப் பிறகு' என்று நான் எழுதியிருந்த வரிக்கு, நெட் வந்தபிறகு என்று அர்த்தமில்லை. நெட்வொர்க்கைக் கவனிக்கிற மென்பொருள் எழுந்தபிறகு என்றுதான் அர்த்தம். விழுந்தால் மறுபடி எழு என்று ரீஸ்டார்ட் ஆல்வேஸும் போட்டிருந்தேன். ஆனால் இரண்டு முயற்சிக்கு நடுவே சிஸ்டம்டி தானாக விடும் இடைவெளி 100 மில்லிசெகண்டுதான். 10 செகண்டுக்குள் 5 முறை தோற்றால் அப்புறம் தொடவே தொடாது. ஆக, ரூட்டர் கண் விழிப்பதற்குள் எல்லா முயற்சியும் காலி.

நான் செய்த நாலு ரீபூட்டிலும் ரூட்டர் அணையவே இல்லை. அப்பா அணைத்துப் போட்டபோதும் அப்படித்தான். வீட்டில் நிஜமாக என்ன நடக்குமோ, அதை மட்டும் நான் சோதிக்கவே இல்லை!

நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்டுக்குக் காத்திரு என்று வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் மாற்றலாம். அது மட்டும் போதாது. ரூட்டர் முகவரி கொடுத்தாலே ஆன்லைன் என்று எண்ணிக்கொள்ளும், வெளியே நெட் இருக்கிறதா என்று பார்க்காது. அதனால் சர்வீஸ் பகுதியில் ரீஸ்டார்ட்செக் 30, யூனிட் பகுதியில் ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக் 0. அதாவது அரை நிமிஷத்துக்கு ஒரு முறை முயற்சி செய், எத்தனை முறை தோற்றாலும் விட்டுவிடாதே. கடைசியில் ஒரு டீமன்-ரீலோட்.

காலையில் அப்பாவிடம் மெயினை அணைக்கச் சொன்னேன். காலை இழுத்து இழுத்து நடந்து போய் அணைத்தார். ஒரு நிமிஷம் கழித்துப் போட்டார். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். மூணரை நிமிஷத்தில் கூடம் தெரிந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து காமிராவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் கேட்டார்: "ஏண்டா, படம் தெரியலேன்னா ஒரு போன் பண்ணிக் கேட்கக் கூடாதா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

பி.கு: புனே வந்ததிலிருந்து தினமும் காலையில் முதலில் போன், அப்புறம்தான் காமிரா.