வெர்சோவாக் கரையில் கற்ற பாடம்



மும்பை என்றதும் நம் இல்லங்களில் உள்ள மூத்தோர்க்கு ஹஜ் கப்பல் நினைவுக்கு வரும். 1995ஆம் ஆண்டு வரை அந்நகரின் துறைமுகத்திலிருந்து ஹாஜிகளைச் சுமந்துகொண்டு ஜித்தாவுக்குக் கப்பல்கள் சென்றன. இன்று அங்குச் செல்லும் நம்மவர், கடல் நடுவே அமைந்த ஹாஜி அலீ தர்காவைக் கண்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நீங்கள் அங்கே செல்ல நேர்ந்தால், அதே அரபிக் கடலோரத்தில் இன்னும் ஓரிடத்தையும் கண்டு வாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஹாஜி அலீக்கு அருகிலுள்ள மகாலட்சுமி நிலையத்தில் மின்சார ரயிலேறி அந்தேரியில் இறங்குங்கள். அங்கிருந்து 2014இல் தொடங்கப்பெற்ற மெட்ரோ ரயிலில் மேற்கு நோக்கிச் சென்றால், கடைசி நிலையம் வெர்சோவா. பிறகு ஆட்டோவில் சிறிது தூரம் சென்றால் கடற்கரை. ஒருபுறம் அடுக்குமாடிக் கட்டடங்கள். மறுபுறம் கோலி மீனவர்களின் பழமையான குடியிருப்பு. உப்பங்கழிக்கு அப்பால் மட் தீவு. பார்ப்பதற்கு மற்றுமொரு கடற்கரைதான். ஆனால், 2015ஆம் ஆண்டில் இங்கே மணலைக் காண்பதே அரிதாக இருந்தது. சில இடங்களில் ஐந்தடி உயரத்துக்கும் மேலாக நெகிழிக் குப்பை குவிந்து கிடந்தது.

அவ்வாண்டுதான் அஃப்ரோஸ் ஷா என்னும் இளம் வழக்கறிஞர் இக்கரையோரம் குடிவந்தார். சிறுவயதில் தாம் விளையாடிய கரை இப்படிக் கிடப்பதைச் சன்னல் வழியே கண்டு மனம் வருந்தினார். வழக்கறிஞர் என்றால் என்ன செய்வார் என்று நாம் எதிர்பார்ப்போம்? வழக்குத் தொடுப்பார், மனுக் கொடுப்பார். இவரோ 2015 அக்டோபரில், அண்டை வீட்டிலிருந்த 84 வயதுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, கையுறை அணிந்து குப்பை பொறுக்கத் தொடங்கினார். இருவர் மட்டுமே! வார விடுமுறை நாட்களெல்லாம் கரையிலேயே கழிந்தன. வீடு வீடாகச் சென்று அழைத்தார். மீனவர் வந்தனர், குடிசைவாசிகள் வந்தனர், மாணவர் வந்தனர், செல்வந்தரும் வந்தனர். 85 வாரங்களில் 50 லட்சம் கிலோவுக்கு மேற்பட்ட குப்பை அகற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, பூவுலகைக் காக்கும் வீரர்களுக்கென வழங்கும் தன் உயரிய விருதை 2016இல் அவருக்கு அளித்துச் சிறப்பித்தது.

விருது வந்தபின் எல்லாம் எளிதாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். திரட்டிய குப்பை அகற்றப்படாமல் தேங்கியது. தொண்டர்கள் மிரட்டலுக்கும் ஆளாயினர். மனம் உடைந்த அவர், 2017 நவம்பரில் பணியை நிறுத்துவதாகவே அறிவித்தார். எனினும் அத்துயரிலிருந்து மீண்டு மறுபடியும் கரைக்கு வந்தார். 2018 மார்ச் மாதத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அங்கே காணப்படாத ஒரு காட்சியை அக்கரை கண்டது. நம் கடற்கரைகளில் பங்குனி ஆமை என வழங்கும் கடலாமையின் குஞ்சுகள் எண்பதுக்கும் மேற்பட்டவை மணலைக் கிளறி வெளிவந்து, கடலை நோக்கி ஊர்ந்து சென்றன. நாய்கள் கவ்விவிடாதவாறு தொண்டர்கள் காவல் நின்றனர். தூய்மையாக்கிய கரையை அல்லாஹ்வின் வேறொரு படைப்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. இதைவிடச் சிறந்த நற்சான்று வேறென்ன வேண்டும்?

அடியேன் அக்கரையில் நின்றபோது, ஓர் அலை வந்து என் காலடியில் ஒரு நெகிழிக் குவளையைப் போட்டுவிட்டுப் போயிற்று. மழைக்காலத்தில் இது வாடிக்கை என்றார்கள். நகரம் கால்வாயில் எறிவது கழிக்குச் செல்கிறது. கழி கடலில் சேர்க்கிறது. கடலோ, அமானிதத்தைக் கையாடாத நல்லவனைப் போல, அனைத்தையும் கரையிலேயே திருப்பி ஒப்படைத்து விடுகிறது. அதனால்தான் அஃப்ரோஸ் ஷா அவர்கள் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் மித்தி ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கும் சென்று, குப்பையைக் குறைக்கவும் தரம் பிரிக்கவும் குடும்பங்களுக்குக் கற்பித்தார். குப்பையின் ஊற்று கடலில் இல்லை. நம் அடுக்களையில் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்தக் குவளையைக் கையில் எடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஈமானின் கிளைகள் எழுபதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிக எளியது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்னும் நபிமொழியை, மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். ஆனால் ரமளானில் நோன்புக் கஞ்சி அருந்திய குவளைகள் பள்ளிவாசலை அடுத்த வாய்க்காலில் மிதப்பதைக் கண்டும், அவற்றைத் தாண்டிச் சென்றே மஃரிப் தொழுதிருக்கிறேன். உயர்ந்த கிளையைப் பற்றிக்கொண்டவனுக்குத் தாழ்ந்த கிளை எட்டாமற் போனது எப்படி?

நம் சமுதாயத்துக்கு இது புதிய தொழிலும் அன்று. பழம்பொருள் வாங்கும் கடைக்குக் ‘காயலான் கடை’ என்ற பெயர், அத்தொழிலில் ஈடுபட்ட காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர். பிறர் கழித்ததைப் பயனுள்ளதாக்கும் கலை நம்மவர்க்குக் கைவந்தது. அக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். உலர்ந்த காகிதமும் கழுவிய நெகிழியும் விலைபோகும், குழம்பு தோய்ந்து நாறுவதை எவரும் வாங்கார் என்பார். ஆகவே சகோதரிகளே, வீட்டில் இரண்டு கூடைகள் வையுங்கள். ஈரமானது ஒன்றில், உலர்ந்தது மற்றொன்றில். பால் உறையைக் கத்தரிக்கும்போது அதன் மூலையைத் துண்டித்து விடாதீர்கள். அச்சிறு துண்டை எவரும் பொறுக்கி எடுப்பதில்லை. கஞ்சி வாங்க நம் பாட்டிமார் கொடுத்தனுப்பிய தூக்குவாளியைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

ஒரு வரலாற்றை நினைவூட்டி முடிக்கிறேன். மதீனாவின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த எளிய பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் இறந்தபோது தோழர்கள், அதைப் பெரிய செய்தியாகக் கருதாமல் அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாத நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தறிந்து, தமக்கு ஏன் அறிவிக்கவில்லை எனக் கேட்டு, அவருடைய கப்ருக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். துடைப்பம் ஏந்திய கரத்துக்கு அண்ணலார் அளித்த கண்ணியம் அது.

நம் தெருவிலும் விடியலில் துடைப்பத்துடன் ஒருவர் வருகிறார். அவர் பெயர் நமக்குத் தெரியுமா? நாளைக் காலை கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவர் குனிந்து பொறுக்கும் சுமையில் நம் பங்கைக் குறைப்போம். வெர்சோவாக் கரையின் தொண்டருக்கு நாம் போர்த்தும் பொன்னாடை அதுவாகவே இருக்கட்டும்.