படி எடுத்தல்

‘படி’ என்பது பல பொருள் பயக்கும் ஒரு சிறு சொல். ஏறுவதற்கு உதவுவதும் படி. நெல் அளக்கும் கருவியும் படி. நூலைக் கற்குமாறு ஏவுவதும் படி. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதிய நகலையும் நம் முன்னோர் படி என்றே வழங்கினர். வைணவப் பெரியோர் திருவாய்மொழிக்கு வரைந்த உரைகளோ அளவினாலேயே பெயர் பெற்று ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி என நிற்கின்றன. 32 எழுத்துகள் கொண்டது ஒரு கிரந்தம். அத்தகைய கிரந்தங்கள் ஒன்பதினாயிரம் கொண்டமையால் ஒன்பதினாயிரப்படி என்பது பெயராயிற்று.

அவ்வுரையைப் பற்றி வைணவ மரபில் ஒரு வரலாறு வழங்குகின்றது. அதனை இயற்றிய நஞ்சீயர், நல்ல கையெழுத்தில் ஒரு படி எடுக்க விரும்பி, நம்பூர் வரதராசர் என்பாரிடம் தம் மூல ஏட்டை ஒப்புவித்தார். அவர் அதனைத் தலையிற் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடக்கையில், வெள்ளம் ஏட்டை வாரிக்கொண்டு போயிற்று. வேறு படி இல்லை. வரதராசரோ ஆசிரியரிடம் கேட்டவற்றை நெஞ்சில் நிறுத்தியவர். உரை முழுவதையும் நினைவிலிருந்தே எழுதி முடித்தார். இடையிடையே புதிய நயங்கள் சேர்ந்திருக்கக் கண்ட நஞ்சீயர், நிகழ்ந்ததை அறிந்து மகிழ்ந்து, ‘நம் பிள்ளை’ என்று அவரைத் தழுவிக்கொண்டார். நம்பிள்ளை என்பதே அவருக்குப் பெயராக நிலைத்தது.

இதனை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர் நம்பிள்ளையின் நினைவாற்றலை வியப்பர். வியக்கத்தக்கதே. ஆயினும் என் கருத்துச் செல்வது வேறோரிடத்தில். அந்த ஏடு பெட்டிக்குள் இருந்தவரை அதற்கு ஓர் ஊறும் நேரவில்லை. இடம் பெயர்ந்தபோதுதான் ஆற்றோடு போயிற்று. ஒரே படியாக உள்ள பொருளுக்கு இடையூறு மிகுவது இடம் பெயரும் வேளையில்தான். கணினிக்குப் புதிய இயங்குதளம் இடுவதும் அத்தகைய ஓர் ஆற்றைக் கடப்பதே ஆகும்.

கணினியின் உறுப்புகளை ஒருங்கே நடத்தி, நம் கட்டளைகளை அவற்றிற்கு உணர்த்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். என் கணினியில் 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 இருந்தது. அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாளோடு நின்றன. அடுத்ததாகிய விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு வேண்டும். என் கணினியில் அஃது இல்லை. நன்றாக உழைக்கும் பொறியை இக்காரணம் பற்றிக் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

“தாத்தா, லினக்ஸ் இட்டுப் பார்க்கலாம். அதற்கு விலை இல்லை, பழைய கணினியிலும் நன்றாக ஓடும்” என்றாள், கல்லூரியிற் பயிலும் என் பேத்தி. லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய முயற்சி. இன்று உலகெங்கும் பலர் கூடி வளர்க்கும் பொதுச் சொத்து. புதியதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. என் தயக்கமெல்லாம் அக்கணினிக்குள் இருந்த ஒன்றைப் பற்றியது.

முப்பது ஆண்டுகளாக விடுமுறைதோறும் சிற்றூர்களுக்குச் சென்று, உழவரும் தச்சரும் குயவரும் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து வந்தேன். ஏறத்தாழ நாலாயிரம் சொற்கள் சேர்ந்தன. அவற்றோடு, சொன்னவர்களின் குரல்பதிவுகளும் இருந்தன. சால், வடம், வால்கயிறு என்று கமலையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டியவர்கள் உண்டு. மின் இறைவைப் பொறி வந்தது, கமலை மறைந்தது, சொன்ன முதியவர்களிற் பலரும் மறைந்தனர். அச்சிட்ட நூலாயின் இன்னொரு படி எங்கேனும் கிடைக்கும். இதுவோ இனி ஒருமுறை தொகுக்க இயலாத தொகுப்பு. நினைவிலிருந்து எழுதித்தர நம்பிள்ளையும் நம்மிடையே இல்லை.

“வேண்டியவற்றை டி பகுதியில் வைத்துவிடுங்கள் ஐயா, போதும்” என்றார், கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர். பலரும் இவ்வாறே கருதுகின்றனர். சி என்றும் டி என்றும் திரையில் இரண்டாகத் தோன்றுவன, பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே வட்டின் இரு கூறுகளே. நிறுவும்போது, ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக’ என்னும் தெரிவைத் தொட்டால் இரண்டும் ஒருங்கே போம். கூடத்திலிருந்த பெட்டியை அறைக்குள் வைத்துப் பூட்டலாம்; வீடே தீப்பற்றினால் அறை என் செய்யும்?

பென் டிரைவிலும் ஓர் இடர் உண்டு. லினக்ஸை நிறுவுவதற்கு அதனை முதலில் ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுங்கால் அதில் முன்பிருந்தவை அழியும். காப்புப்படியையும் அதிலேயே வைத்திருந்தால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். ஆதலின் நிறுவுவதற்கு ஒரு பென் டிரைவும், காப்பதற்கு ஒரு புற வன்தட்டும் எனப் பிரித்துக்கொண்டு, முன்னதில் ஒரு சிவப்பு நூலையும் கட்டிவைத்தோம். இணையச் சேமிப்பகத்தில் வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் ஒத்திசைவு முறையில் இங்கே அழித்தது அங்கும் அழியும் என்பதை மறத்தலாகாது.

எவற்றைப் படி எடுப்பது? ஆவணங்களுக்குரிய கோப்புறை ஒன்று மட்டும் போதாது. முகப்புத் திரையிற் சிதறிக் கிடப்பன, பதிவிறக்கங்கள், படங்கள், உலாவியிற் குறித்துவைத்த முகவரிகள் ஆகியனவும் எடுக்கத்தக்கன. வட்டு, பிட்லாக்கர் முறையாற் பூட்டப்பட்டிருப்பின் அதனைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வெண்ணை அந்தக் கணினிக்குள்ளேயே வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் இட்டுப் பூட்டுவதாகும்.

இவற்றைக் கணினி அறிந்த எவரும் சொல்வர். தமிழ் எழுதுவோர் நோக்க வேண்டுவது பிறிதொன்று உண்டு. என் தொகுப்பின் முற்பகுதி, ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டெழுதப்பட்டது. அக்காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடை அணிவித்தவையே. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால், உள்ளே பதிவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். எழுத்துரு உள்ளவரை கண்ணுக்குத் தமிழ்; அது நீங்கினால் பொருளற்ற குறிகள். ஒருங்குறியிலோ தமிழ் எழுத்துகளுக்கு அவற்றிற்கே உரிய எண்கள் உண்டு. ‘த’ என்னும் எழுத்தின் எண் 2980. எழுத்துரு மாறினும் எழுத்து மாறாது. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்திய முறைகளில் எழுதப்பட்டவை இன்னும் எத்தனையோ வீடுகளிலும் அச்சகங்களிலும் கிடக்கின்றன. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், ஓலையைக் காத்து எழுத்தை இழந்தவர் ஆவோம்.

ஆகவே, பழைய எழுத்துருக்கள் யாவற்றையும் தனியே ஒரு கோப்புறையில் எடுத்து வைத்தோம். பின்னர் முற்பகுதி முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றிய படி ஒன்றும் ஆக்கினோம். மாற்றும் மென்பொருள் தமிழையும் ஆங்கிலத்தையும் வேறு பிரித்து அறியவில்லை. நான் ஆங்கிலத்திற் குறித்திருந்த ஊர்ப்பெயர்ச் சுருக்கங்களையும் அது தமிழாகக் கொண்டு, படிக்கவொண்ணாத எழுத்துக் கூட்டங்களாக்கி வைத்தது. பழைய கோப்பு கையில் இருந்தமையால் அவற்றைத் திருத்த முடிந்தது.

படி எடுத்ததும் பணி முடிந்ததாக நம் முன்னோர் கருதவில்லை. ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றொருவர் படியைப் பார்த்து ஒப்பு நோக்குவர். கணினியில் இப்பணியைச் செய்பவர் சிலரே. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பிக்சார் நிறுவனத்தில், ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் திரைப்படத்தின் கோப்புகள் தவறாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் மறைந்தன. காப்புப்படியை நாடினர்; அது பல நாள்களாகச் செம்மையாகப் பதிவாகவில்லை என்பது அப்பொழுதே தெரிந்தது. கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர், மகப்பேற்றை அடுத்து வீட்டிலிருந்து பணி செய்தவர், தம் வீட்டுக் கணினியில் ஒரு படி வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையாற் சுற்றி, மகவைக் கொண்டுவருவது போலக் காரில் வைத்துக் கொண்டுவந்தனர். படம் பிழைத்தது. பின்னர் அதன் பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தனர் என்பது வேறு செய்தி.

நாங்கள் புற வன்தட்டைக் கழற்றிப் பேத்தியின் மடிக்கணினியிற் செருகினோம். கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் அவள் மூலத்தோடு ஒப்பிட்டாள். எனக்கு அவ்வளவில் மனம் நிறையவில்லை. அவள் படியிலிருந்து நூறு சொற்களை ஆங்காங்கே எடுத்து வாசிக்க, நான் மூலத்தைப் பார்த்து வந்தேன். பிறகு ஒரு குரல்பதிவைத் திறந்தாள். எருதுகளை அதட்டிக்கொண்டே வால்கயிற்றின் பயனை விளக்கும் கிழவர் ஒருவரின் குரல் எழுந்தது. பின்னால் நீர் கொட்டும் ஓசை.

“யார் தாத்தா இவர்?” என்றாள்.

சொன்னேன். அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆயின. “இன்னொன்று போடட்டுமா?” என்றாள். அன்று அதன்மேல் வேலை ஓடவில்லை. விளக்கேற்றும் வேளைவரை இருவரும் அப்பதிவுகளையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாளும் உடனே நிறுவிவிடவில்லை. லினக்ஸை வட்டிற் பதியாமல், பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். தமிழ் விசைப்பலகை, அச்சுப்பொறி, ஒலி, இணையம் ஆகிய யாவும் இயங்குதல் கண்டோம். இதனிடையே மற்றொரு வன்தட்டில் இரண்டாம் படி எடுத்து, வேறோர் ஊரில் வாழும் நண்பருக்கு அஞ்சலில் அனுப்பினேன். அது வந்து சேர்ந்தது என்றும், தம் கணினியில் திறந்து நாற்பது சொற்களைப் படித்துப் பார்த்ததாகவும், அவற்றுள் இரண்டுக்கு நான் தந்த பொருள் தமக்கு உடன்பாடு இல்லை என்றும் அவர் எழுதினார். அதன் பின்னரே பேத்தி நிறுவும் கட்டளையைத் தொட்டாள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அந்த வன்தட்டு இன்றும் நண்பர் வீட்டிலேயே இருக்கின்றது. ஆறு திங்களுக்கு ஒருமுறை அதனை வருவித்து, புதிய சொற்களைச் சேர்த்து அனுப்புகின்றேன். சென்ற முறை அது வந்தபோது, அதனுள் அவர் தம் ஊர்க் கல்வெட்டுகளைப் பற்றி எழுதிவரும் நூலின் படியும் இருந்தது.