தாத்தாவின் மழையும் காலைத் தொங்கப்போட்ட 3-ம்

ஒரு நிமிஷம் பாஸ்... உங்க கம்ப்யூட்டர்ல ஜார்ஜியா ஃபான்ட் இருந்தா 1, 3, 8-னு தட்டிப் பாருங்க. 1 குட்டையா நிக்கும். 3 கோட்டுக்குக் கீழே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். 8 மட்டும் தலையைத் தூக்கும். ஃபான்ட் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க. இதுக்குப் பேரு ஓல்டு ஸ்டைல் எண்கள். எல்லாம் என்.சி.சி. பரேடு மாதிரி ஒரே உயரத்துல நின்னா, அது லைனிங்.

இந்த வித்தியாசம் எனக்குத் தெரிஞ்சது தாத்தாவால. மண்ணச்சநல்லூர் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார். 1977 நவம்பர்ல திருச்சியை வெள்ளம் புரட்டிப் போட்டதுலேர்ந்து தினமும் மழையை அளந்து நோட்டுல எழுதிட்டு வர்றார். வெறும் மில்லிமீட்டர் கணக்கு இல்லை. எந்த வருஷம் எந்த வாய்க்கால் உடைஞ்சது, யார் வீட்டுக் கல்யாணப் பந்தல் நனைஞ்சதுன்னு கதையும் உண்டு. இப்போ ரெண்டு கண்ணுலயும் புரை. 'எழுத்து தெரியறப்பவே புத்தகமா பார்த்துடணும்டா'ன்னார். நூறு பிரதி, பென்ஷன் காசு. டைப்செட்டிங் மட்டும் ஓசி... அடியேன்தான்!

லேடெக்ல உட்கார்ந்தேன். தமிழுக்கு ஒரு ஃபான்ட், 1, 2, 3-க்கு மட்டும் வேற ஃபான்ட். கதைப் பகுதியில வருஷங்கள் லைனிங்ல விழுந்தப்போ, ஒவ்வொரு வரியிலும் யாரோ நடுவுல எழுந்து நின்னு கத்துற மாதிரி இருந்தது. ஓல்டு ஸ்டைலுக்கு மாத்தினதும் கப்சிப். நல்ல ஓப்பன்டைப் ஃபான்ட்கள் பலதுல ரெண்டு வகை எண்ணும் உள்ளேயே இருக்கும். ஒரு வார்த்தை கட்டளை போதும். வேர்டுல வேலை பண்றீங்களா? 2010 பதிப்புலேர்ந்தே ஃபான்ட் பெட்டியில அட்வான்ஸ்டு பக்கம் போனா 'நம்பர் ஃபார்ம்ஸ்' இருக்கு. சும்மா தட்டிப் பாருங்க.

ஆனா மழை அட்டவணை வேற கதை. தாத்தா அதைப் படிக்கிற விதமே வேற. விரலை வெச்சு மேலேர்ந்து கீழே இழுத்துட்டே வருவார். ஓல்டு ஸ்டைல்ல எண்ணெல்லாம் ஏறி இறங்கும். அதோட, எண்ணுக்கு எண் அகலம் மாறினா புள்ளிக்கு நேரா புள்ளி நிக்காது, 8.5-ம் 85-ம் புரை விழுந்த கண்ணுக்கு ஒண்ணுதான். அங்கே லைனிங் வேணும், கூடவே டேபுலர். அதாவது ஒல்லியான 1-க்கும் குண்டு 8-க்கும் ஒரே அகல சீட்டு. மாத்திக் குடுத்ததும் அவர் விரல் நேரா இறங்குச்சு. அழகுக்காக அட்டவணையிலும் ஓல்டு ஸ்டைல் போடறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபமே வருது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், எண் உள்ளுக்குள்ள மாறவே இல்லை. மேலே சட்டை மட்டும்தான் மாறுது. ஃபைல்ல 1977-னு தேடினா ரெண்டு உடுப்புலயும் கிடைக்கும்.

அப்போதான் தாத்தா கேட்டார், 'தமிழ் எண் போட முடியுமாடா?' க மாதிரி ௧, உ மாதிரி ௨... எனக்கும் ஆசைதான். ஆனா அது சட்டை இல்லை, ஆளே வேற! யூனிகோடுல ௧ தனி எழுத்து, 1 தனி எழுத்து. புத்தகம் பூரா ௧௯௭௭-னு போட்டா, நாளைக்கு யாராவது ஃபைல்ல 1977-னு தேடி வெறுங்கையோட போவாங்க. சுலபமா படிக்கவும் நம்மள்ல எத்தனை பேருக்கு வரும்?

பேரம் படிஞ்சது. இங்கிலீஷ் புத்தகத்துல முன்னுரைப் பக்கத்துக்கு ரோமன் எண் போடுவாங்களே, அந்த இடத்துல தமிழ் எண். உள்ளே வழக்கமான 1, 2, 3.

அதுலயும் வில்லங்கம். பதினொண்ணை ௧௧-னு போட்டேன். 'தப்பு, பத்துக்கு ௰-னு தனிக் குறி இருக்கு, ௰௧-னுதான் போடணும்'னு வாத்தியார் சிவப்பு மையில சுழிச்சுட்டார். லேடெக்குக்கு இந்தக் கணக்கை நான்தான் சொல்லித் தரணும். முன்னுரையை ஒன்பது பக்கத்துல முடிச்சுக்கோங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன். மனுஷன் பன்னிரண்டாவது பக்கம் எழுதிட்டு இருக்கார்.