537 ஓட்டு!

ஃப்ளோரிடா என்றால் டிஸ்னி வேர்ல்டு, மியாமி பீச், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். மியாமியிலிருந்து வடமேற்கே ஏழெட்டு மணி நேரம் காரை விரட்டினால் டாலஹாஸி வரும். மாநிலத் தலைநகர். மேடும் மரமுமாக அமைதியான ஊர். சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட ஜன்னல் மறைப்புகளோடு பழைய சட்டசபைக் கட்டடம். அதன் முதுகில் 22 மாடிப் புதுக் கட்டடம். 2000-ம் ஆண்டு நவம்பரில் இந்த ஊருக்குத் தூக்கமே போச்சு!

அமெரிக்காவில் மாநிலவாரியாக எலெக்டர் ஓட்டுக் கணக்கு. ஃப்ளோரிடாவில் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் போதும், 2000-ல் அதற்கு இருந்த 25 எலெக்டர்களும் உங்களுக்கே. ஜெயிக்க 270 தேவை. நவம்பர் 7 ராத்திரி, ஜார்ஜ் புஷ்ஷா, அல் கோரா என்பது இந்த 25-ல் வந்து நின்றது.

டி.வி.க்காரர்கள் முதலில் கோர் என்றார்கள். பிறகு வாபஸ். நடுநிசி தாண்டி, புஷ் என்றார்கள். கோர் பெருந்தன்மையாக போன் போட்டு வாழ்த்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு பேசக் கிளம்பினார். வழியிலேயே சேதி: வித்தியாசம் சரசரவென்று குறைகிறது! மறுபடி போன். வாழ்த்து வாபஸ். டி.வி.யும் இரண்டாம் முறை வாபஸ்.

அடுத்த ஸ்டாப், தெற்கே பாம் பீச். பெரியவர்கள் சிரமமில்லாமல் படிக்கட்டுமே என்று எழுத்தைப் பெரிசாக்கினார்கள். பெயர்கள் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு பக்கத்துக்குப் பரவின. நடுவில் ஓட்டைகள். இடது பக்கம் கோர் இரண்டாவது பெயர். ஆனால் இரண்டாவது ஓட்டை வலது பக்கத்து புக்கானனுக்கு! அவருக்கு விழுந்தது 3,407 ஓட்டு. அதில் பெரும்பாலானவை தனக்கானவை அல்ல என்று புக்கானனே சொல்லிவிட்டார். ஆபீஸில் ஃபாரம் டிசைன் செய்கிற புண்ணியவான்கள் கவனிக்க!

குத்தினால் விழவேண்டிய காகிதத் துணுக்குக்கு 'சாட்' என்று பெயர். விழாமல் தொங்கினால் 'தொங்கும் சாட்'. வெறுமனே உப்பியிருந்தால் 'கர்ப்பிணி சாட்'. கிண்டல் இல்லை சார், நிஜம்! நீதிபதி ஒருவர் பூதக்கண்ணாடியோடு சீட்டைத் தூக்கிப் பார்த்த போட்டோ உலகம் சுற்றியது.

கவர்னர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. முடிவில் கையெழுத்திட வேண்டிய மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அங்கே புஷ் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர். கோர் ஆட்கள் கொதித்ததில் ஆச்சரியமென்ன? நவம்பர் 26-ல் அவர் அறிவித்த வித்தியாசம்: ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டில் 537. மறு எண்ணிக்கை வேண்டும் என்று கோர் கோர்ட்டுக்குப் போனார். டிசம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்று அதற்கு மங்களம் பாடியது. நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு வாங்கிய கோர் மறுநாள் விலகினார். புஷ் ஜனாதிபதி.

ஓட்டை போடும் சீட்டை 2001-ல் ஃப்ளோரிடா தலைமுழுகியது. ஓட்டே போடாமல் வீட்டில் இருந்தவர்களை விடுங்கள். பாம் பீச்சில் 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஜனாதிபதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டை. அத்தனையும் செல்லாது. அவர்களெல்லாம் பொறுப்பாகப் போய் நின்று, ஓட்டுப் போட்டுவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பியவர்கள்தான்.