பாட்டியின் பெயரை வெட்டிய புத்தகம்

திருத்தணிப் பக்கம் தெலுங்கு பேசத் தெரிந்த, ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஆட்கள் நிறைய உண்டு. வீட்டில் பாட்டியிடம் தெலுங்கு, வெளியே வந்தால் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ் என்று வளர்ந்தவர்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் கூட்டத்திலும் நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்து ஆட்கள் ஏராளம். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊரே ஆந்திராவில்தான் இருந்தது. போராட்டம் நடந்து எல்லைக் கோடு மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை.

இப்படி இரண்டு மொழியிலும் கால் வைத்திருப்பவர்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டிய ஒரு புத்தகத்தின் கதை இது. தஞ்சாவூரில் எழுதப்பட்டு, சென்னையில் அச்சாகி, அங்கேயே தடை செய்யப்பட்ட தெலுங்குக் காவியம். எழுதியதும் ஒரு பெண், அதைத் தேடி எடுத்துப் பதிப்பித்ததும் ஒரு பெண். தமிழர்கள் 'அது தெலுங்கு' என்று விட்டுவிட்டார்கள். தெலுங்குப் பெரியவர்கள் பலர் 'அது அசிங்கம்' என்று ஒதுக்கிவிட்டார்கள்.

எழுதியவர் பெயர் முத்துப்பழனி. தெலுங்கில் 'முத்துபளனி' என்பார்கள். பெயரைக் கேட்டாலே பழனி முருகன் ஞாபகம் வரும்! தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலம். பிரதாபசிம்மர் அரசவையில் (1739 - 1763) இருந்த தேவதாசி மரபுப் பெண். அந்த அரண்மனையில் நாயக்கர் காலம் தொட்டே தெலுங்குக்குத்தான் இலக்கிய மதிப்பு. அவர் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' 584 பாடல்கள் கொண்டது. ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டி வைக்கிறாள். பிறகு பொறாமையில் வேகிறாள், கோபப்படுகிறாள். கண்ணன் காலில் விழாத குறையாக வந்து சமாதானம் செய்கிறான். ராதையை சமாதானப்படுத்துதல் என்பதுதான் தலைப்பின் பொருளும். கிருஷ்ணன் ராதை கதையை எத்தனையோ ஆண்கள் எழுதியிருக்கிறார்கள். இதில் வித்தியாசம், ஆசையும் கோபமும் பெண்ணுடைய பக்கத்திலிருந்து வருகின்றன. அதுவும் கூச்சமில்லாமல்!

இன்னொரு விஷயம். காவியத்தின் முகப்பில் முத்துப்பழனி தன்னைப் பற்றிச் சொல்லிக் கொள்கிறார். ஆண் கவிஞர்கள் அப்பா, தாத்தா, குரு என்று வம்சம் சொல்லித் தொடங்குவது வழக்கம். இவர் தன் பாட்டி தஞ்சநாயகியின் பெருமையைச் சொல்கிறார். தன் அழகையும் படிப்பையும் சொல்கிறார். தன்னைப் போன்ற வேறு எந்தப் பெண்ணுக்கு இத்தனை மரியாதை கிடைத்தது என்று கேட்கவும் செய்கிறார். அடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவரும் இவர்தான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1714 முதல் 1830 வரை அங்கே வரிசையாக நான்கு ஜார்ஜ் மன்னர்கள். முத்துப்பழனி எழுதிய காலம் இரண்டாம், மூன்றாம் ஜார்ஜ் காலத்தை ஒட்டியது. லண்டன் புத்தகத் தொழிலில் அப்போதே பெண்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்: கணவன் சாக வேண்டும்! கல்யாணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போடுவதை அந்த நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை; விதவை போடலாம். மேரி கூப்பர் என்பவரின் கணவர் 1743இல் இறந்தார். அதன் பிறகு அவரே பதிப்பாளராகி ஏராளமான புத்தகங்களை வெளியிட்டார். ஆங்கிலக் குழந்தைப் பாட்டுப் புத்தகங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் ஒன்று 1744இல் அவர் கடையிலிருந்து வந்ததுதான். எலிசபெத் நியூபெரி 1780இல் கணவரை இழந்து, 1802 வரை குழந்தைப் புத்தகக் கடையை நடத்தினார்.

எழுதும் பெண்களின் நிலைமை வேறு. ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் 1811இல் வெளிவந்தபோது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சீமாட்டி' என்றுதான் இருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை எந்த நாவலிலும் பெயர் போடவில்லை. 1803இல் ஒரு நாவலை 10 பவுண்டுக்கு ஒரு பதிப்பாளரிடம் விற்றார். அவர் அச்சடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். 1816இல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத்தான் திரும்ப வாங்க முடிந்தது. அந்தப் புத்தகம் வந்தபோது ஆஸ்டின் உயிரோடு இல்லை.

ஆக, இங்கிலாந்தில் ஒரு பெண் பெயரை மறைத்து எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே தஞ்சாவூரில் ஒரு பெண் தன் பெயரோடு பாட்டி பெயரையும் சேர்த்துப் பாடி வைத்திருந்தார். இதை வைத்து 'பார்த்தீர்களா, நம்ம ஊர்தான் உயர்வு' என்று துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. அரண்மனையில் அந்தச் சுதந்திரம் கிடைத்தது கல்யாணம் ஆகாத, ஆகவும் முடியாத ஒரு சிறு கூட்டத்துப் பெண்களுக்கு மட்டும். மற்ற வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் எழுத்தே அறியாதவர்கள்.

முக்கியமான வித்தியாசம், அது ஓலைச்சுவடி. அச்சு இல்லை. அச்சு இங்கே வராமல் இல்லை; முதலாம் ஜார்ஜ் பட்டம் ஏறிய 1714இலேயே தரங்கம்பாடியில் தமிழில் வேதாகமப் பகுதிகள் அச்சாகிவிட்டன. ஆனால் அது மிஷனரிகள் கையில். பிறகு கம்பெனி அரசாங்கத்தின் கையில். இந்தியர்கள் தடையில்லாமல் சொந்த அச்சகம் நடத்த வழி பிறந்தது 1835இல்தான். அதற்குப் பிறகு பண்டிதர்கள் சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்ற ஆரம்பித்தார்கள். எது நூல், எது குப்பை என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்களிடம் போனது. எல்லோரும் ஆண்கள்.

1887இல் ராதிகா சாந்த்வனம் முதலில் அச்சானது. பதிப்பித்தவர் பைடிபாட்டி வேங்கடநரசு என்ற பண்டிதர். (திருத்தணியில் ராதாகிருஷ்ணன் பிறந்ததற்கு முந்தைய வருஷம்.) புத்தகம் வந்தது, ஆனால் முகப்பு இல்லை! பாட்டியும் இல்லை, பெருமையும் இல்லை. சில பாடல்களும் காணோம். முத்துப்பழனி யார், எந்த வழியில் வந்தவர் என்று படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லாமல் போனது. நூலை அச்சில் கொண்டு வந்ததற்கு அந்தப் பண்டிதருக்கு நன்றி சொல்லலாம்தான். ஆனால் எதை வெட்டினார் என்று பார்க்கும்போது அந்த நன்றி கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

இங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். திருவையாற்றில் தியாகராஜருக்குக் கோயில் கட்டியவர். 1878இல் பிறந்தவர், இவரும் தேவதாசி மரபு. கன்னடம், தெலுங்கு, சம்ஸ்கிருதம் எல்லாம் முறையாகப் படித்தவர். சென்னைக்கு வந்து பாட்டுக் கச்சேரிகளில் பெரும் புகழும் பணமும் சம்பாதித்தவர்.

தஞ்சாவூர் காலத்து இலக்கியம் பற்றிய ஒரு நூலைப் படிக்கும்போது முத்துப்பழனி பெயர் அவர் கண்ணில் பட்டது. தேடினார், முதலில் கிடைக்கவில்லை. பிறகு அந்த 1887 பதிப்பு ஒரு நண்பர் மூலம் வந்தது. அதற்கும் பிறகு சுவடியே கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வெட்டு தெரிந்தது. ஒரு பாடகி, பண்டிதர் ஒருவரின் பதிப்பைச் சுவடியோடு ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிக்கிறார்! உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சுவடி சேர்த்தது எல்லோருக்கும் பாடப் புத்தகத்தில் வருகிறது. அதே காலத்தில் ஒரு பெண் செய்த இந்த வேலை எந்தப் பாடத்திலும் பெரிதாகப் பேசப்படவில்லை.

முழு நூலையும் முகப்போடு சேர்த்து நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். 1910இல் சென்னையில் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் வெளியிட்டது. அந்தக் காலத்தில் தெலுங்குப் புத்தகத்துக்கும் சென்னைதான் தலைநகரம். திருத்தணி அப்போது வட ஆற்காடு ஜில்லா, அடுத்த வருஷம் புதிதாக உருவான சித்தூர் ஜில்லாவுக்குப் போனது.

முன்னுரையில் நாகரத்தினம்மாள் சும்மா இருக்கவில்லை. கந்துகூரி வீரேசலிங்கம் அன்றைக்குத் தெலுங்கு நாட்டின் மிகப் பெரிய சீர்திருத்தவாதி. விதவை மறுமணத்துக்காகக் கல்லடி பட்டவர், பெண் கல்விக்காக உழைத்தவர், சாதாரண ஆள் இல்லை. ஆனால் தன்னுடைய கவிஞர் வரலாற்றில் முத்துப்பழனியை நடத்தை கெட்டவள் என்ற அளவில் எழுதி, பெண் காதால் கேட்கவே தகாத பாடல்கள் என்று ஒதுக்கியிருந்தார். நாகரத்தினம்மாள் நேராகக் கேட்டார்: வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா? ஆண்கள் எழுதினால் சிருங்கார ரசம், பெண் எழுதினால் ஆபாசமா? வீரேசலிங்கம் ஏற்றுக்கொண்ட வேறு நூல்களில் இதைவிடப் பச்சையான வருணனைகள் இருப்பதையும் எடுத்துக் காட்டினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வீரேசலிங்கத்தின் மேல் கோபப்படுவது சுலபம். அவருக்கு நல்ல எண்ணம்தான். படித்த, ஒழுக்கமான குடும்பப் பெண் உருவாக வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அந்தப் புதுப் பெண்ணை உருவாக்க, ஏற்கனவே படித்திருந்த, எழுதியிருந்த பெண்களை மறைக்க வேண்டி வந்தது. சிக்கல் அங்கேதான்.

புத்தகம் வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு தாசி எழுதினாள், இன்னொரு தாசி பதிப்பித்தாள் என்ற ரீதியில் பத்திரிகையில் எழுதினார்கள். 1911இல் போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. வெளியீட்டாளர் மேல் வழக்கு. இந்திய தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவு, அதாவது ஆபாசம். பண்டிதர்கள் பலர் அரசாங்கத்துக்கு மனு போட்டார்கள்; இதை ஆபாசம் என்றால் சம்ஸ்கிருத, தெலுங்கு இலக்கியத்தில் பாதியைக் கொளுத்த வேண்டியிருக்கும் என்ற கவலை அவர்களுக்கு. ஒன்றும் பலிக்கவில்லை. ராதை கண்ணனோடு ஊடல் கொள்வதால் சாம்ராஜ்யத்துக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்று வெள்ளைக்கார துரைகள் நினைத்தார்களோ!

தடை சுமார் முப்பத்தைந்து வருஷம் நீடித்தது. இதற்கிடையில் சென்னையில் காலம் வேகமாக ஓடியது. திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி, தானே ஆசிரியராக நடத்தினார். 1937இல் சொந்த அச்சகமே வைத்துவிட்டார். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, எழுதப் பழகாததால் முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுத வைத்தவர் அவர்! நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். அவர் கணவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் துணையோடு, பத்திரிகையும் அச்சகமும் நடத்தினார் என்பதை மேரி கூப்பர் கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாகரத்தினம்மாள் இந்த வருஷங்களில் திருவையாற்றுக்குப் போய்விட்டார். சிதிலமாகக் கிடந்த தியாகராஜர் சமாதியை எடுத்துக் கட்டி 1925இல் கும்பாபிஷேகம் செய்தார். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று தடுத்தபோது, பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். புத்தகத்தில் செய்ததையே சமாதியிலும் செய்தார் என்று சொல்லலாம்.

1946 - 47இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் டங்குதூரி பிரகாசம். அவர் முயற்சியால் ராதிகா சாந்த்வனம் மீதான தடை நீங்கியது. வாவிள்ள நிறுவனத்தின் புதிய பதிப்பு 1952இல் வந்தது. அந்த வருஷம் மே மாதம் நாகரத்தினம்மாள் காலமானார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி இருக்கிறது, கைகூப்பிய சிலையோடு. ஆராதனைக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையைப் பார்த்துத் தியாகராஜ பக்தை என்று கும்பிடுகிறார்கள். தஞ்சநாயகி என்ற ஒரு பாட்டியின் பெயரை அச்சில் திரும்பக் கொண்டுவந்து வைத்த பதிப்பாசிரியர் என்பது அங்கே வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?