கிளாசியேரும் இரண்டு பூந்தொட்டிகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீல நிறம், பிளாஸ்டிக், மூடியில் சின்ன மின்விசிறி, காரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற வயர். "சார், வால்பாறைக்குப் போறோம். ரெண்டு நாள் டென்ட்ல தங்கறோம். அம்மாவோட இன்சுலினை இதுல வச்சுக்கலாம் இல்ல?" என்றார்.

"இதுக்குள்ள கம்ப்ரஸர் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். உள்ளேயிருந்து என் மனைவி, "அவரு கதையை ஆரம்பிச்சா மத்தியானம் ஆயிடும் தம்பி, காபி குடிச்சுட்டுக் கேளுங்க" என்றாள். காபி வந்தது. கதையும் ஆரம்பமானது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். கோடைக்காலம், யாருக்காவது பயன்படும்.

2019 ஜூன் மாதம் நாங்கள் இருவரும் பிரான்சில் லியோன் நகரில் மகள் வீட்டில் இருந்தோம். அந்த மாதக் கடைசி வாரத்தில் அங்கே கடுமையான வெயில் அடித்தது. கனிக்யூல் என்பார்கள் பிரெஞ்சில். நம் அக்கினி நட்சத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே பல வீடுகளில் ஏ.சி. கிடையாது, மின்விசிறியும் கிடையாது. மகள் வீடு நாலாவது மாடி. ராத்திரியிலும் சுவர் சுட்டது. "ஆற்றங்கரைக்குப் போயிடலாம் மாமா, கேம்பிங் போட்டுக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. ஆர்தெஷ் ஆறு, லியோனிலிருந்து இருநூறு கிலோமீட்டர். பேரன் இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. வியாழக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு.

ஒரே கவலை என் மனைவியின் இன்சுலின். உபயோகத்தில் ஒரு பேனா, கூடுதலாக இரண்டு. மீதியெல்லாம் மகள் வீட்டு ஃப்ரிட்ஜில். மாப்பிள்ளை கடைக்குப் போய் ஒரு கிளாசியேர் எலெக்ட்ரிக் வாங்கி வந்தார். 'கிளாஸ்' என்றால் பிரெஞ்சில் பனிக்கட்டி. பெயரில் பனிக்கட்டி இருக்கிறதே தவிர, அந்தப் பெட்டி ஒரு நாளும் பனிக்கட்டி செய்ததில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

இங்கே என் தலைக்கனத்தைச் சொல்ல வேண்டும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். முப்பத்தைந்து வருஷம் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பழைய பிரெஞ்சு ஆவணம் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். ஆகவே பெட்டியோடு வந்த விளக்கத் தாளை நானே எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 'சுற்றுப்புற வெப்பத்தைவிட 18 டிகிரி வரை குறைவாகக் குளிர்விக்கும்' என்று இருந்தது. ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் இல்லை. "பதினெட்டு டிகிரி குளிர்ச்சியாம், நல்ல பெட்டி" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். வெளியே 40 இருந்தால் உள்ளே 22தான் என்கிற சாதாரணக் கழித்தல் கணக்கைப் போடவில்லை.

வழியில் மோந்தெலிமார் பக்கம் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சாப்பிட நிறுத்தினோம். மர நிழலெல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். கார் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றது. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அடுப்படி மாதிரி அடித்தது. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் பதினெட்டைக் கழித்தால் என்ன வரும்? அப்போதும் நான் கணக்குப் போடவில்லை.

வாலோன்-போந்-தார்க் என்ற ஊர். ஆற்றின் குறுக்கே இயற்கையாக அமைந்த பெரிய பாறை வளைவு ஒன்று அங்கே இருக்கிறது, ஐம்பது மீட்டருக்கு மேல் உயரம். அடியில் ஆறு ஓடுகிறது, சிறுபடகில் போகிறார்கள். ஓக் மரங்களில் சிள்வண்டுகள் காது அடைக்கக் கத்துகின்றன. கேம்பிங் அலுவலகத்தில் கேட்டார்கள்: கூடார இடத்துக்கு மின் இணைப்பு வேண்டுமா, இரவுக்குச் சில யூரோ கூடுதல் என்று. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "எதுக்கு வீண் செலவு? கார்லதான் பெட்டி ஓடுதே" என்றேன். குமாஸ்தா புத்தி.

ராத்திரி படுக்கப் போகும்போது மாப்பிள்ளை, "மாமா, பெட்டி வயரைக் கழட்டிடணும், பேட்டரி இறங்கிடும்" என்று சொல்லி, கழற்றியும் விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மருந்து சூடாகிவிடுமே என்று எழுந்து போய், சத்தம் போடாமல் திரும்பச் செருகிவிட்டு வந்து படுத்தேன். அது பழைய கார். சாவி எடுத்த பிறகும் அந்தத் துளையில் மின்சாரம் இருக்கும்.

காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை சாவியைத் திருகினார். ஒரு 'டிக்' சத்தம், அவ்வளவுதான். பெட்டியின் விசிறியும் நின்றிருந்தது. பெட்டி 48 வாட். பன்னிரண்டு வோல்ட்டில் நாலு ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு நாற்பது ஆம்பியர்-அவர். கார் பேட்டரி மொத்தமே அறுபது. அதுவும் பழசு. இந்தக் கணக்கையும் மாப்பிள்ளைதான் சொன்னார், கோபமில்லாமல். "நான்தான் செருகினேன்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று காலை மனைவிக்குச் சர்க்கரை 260. வழக்கமாக 130, 140தான் இருக்கும். இன்சுலின் கெட்டதாலா, முதல் நாள் வழியில் வாங்கிய பீச் பழங்களாலா, அலைச்சலாலா, யாருக்குத் தெரியும்? அவள் மட்டும், "பழந்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்காகச் சொன்னாள் என்று தெரிந்தது.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெல்ஜியக்காரர், என் வயதுதான் இருக்கும். ஜம்பர் கேபிள் கொண்டுவந்து காரை ஸ்டார்ட் செய்து கொடுத்தார். அவரிடமும் ஒரு பெட்டி இருந்தது, ஆனால் கம்ப்ரஸர் வைத்தது. வீட்டு ஃப்ரிட்ஜின் தம்பி மாதிரி. இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய கனம், எங்கள் பெட்டியைப் போலப் பல மடங்கு விலை. வெயிலில் விரித்த சோலார் தகட்டிலிருந்து தனி பேட்டரிக்கு மின்சாரம், அதிலிருந்து பெட்டிக்கு. தேவையான குளிர் வந்ததும் தானே நின்றுவிடும், பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினாலும் நின்றுவிடும். "உங்கள் மருந்தை இதில் வையுங்கள்" என்றார். அவர் அதில் மைனஸ் பதினெட்டில் ஒரு வாரத்து இறைச்சியை வைத்திருந்தார். இன்சுலின் உறைந்தால் அதோடு போயிற்று, உருகிய பிறகும் உதவாது. நன்றி சொல்லிவிட்டோம். கேம்பிங் அலுவலகத்திலும் ஐஸ் பேக் உறைய வைக்கிற ஃப்ரீஸர்தான் இருந்தது.

ஊருக்குள் போய் மருந்துக்கடையில் கேட்டோம். அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். உபயோகத்தில் இருக்கிற பேனா 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் நாலு வாரம் வரை தாங்கும், ஃப்ரிட்ஜ் வேண்டியதில்லை. திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டால் அன்றிலிருந்து நாலு வாரக் கணக்கு ஆரம்பம். "உங்கள் பெட்டிக்குள் எவ்வளவு சூடு ஏறியது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது. உள்ளே ஒரு வெப்பமானிகூட வைக்கவில்லை. "தெரியாதென்றால் நம்ப வேண்டாம்" என்றார். அலுவலகத்தில் தேதி இல்லாத மனுவை நான் திருப்பி அனுப்புவேனே, அந்த நியாயம்தான். புதுச்சேரி மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து, அதே மருந்தில் புதிய பெட்டி ஒன்று தந்தார். மாப்பிள்ளை பணம் கட்டினார். நான் பர்ஸை எடுத்ததை அவர் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

"இப்பவே லியோனுக்குத் திரும்பிடலாம்" என்றாள் மகள். பேரன் அழ ஆரம்பித்தான். அப்போது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இங்க மண் தொட்டி விக்குமா?"

தோட்டச் சாமான் கடையில் இரண்டு மண் பூந்தொட்டிகள் வாங்கினோம், மெருகு பூசாதவை, ஒன்றுக்குள் ஒன்று போகிற அளவில். அடியில் உள்ள ஓட்டைகளுக்கு ஒயின் பாட்டில் கார்க்கைச் செதுக்கி அடைத்தார் மாப்பிள்ளை. கார்க்குக்கு அந்த நாட்டில் பஞ்சமா? இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்தாள். பேனாக்களை பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து, மேலே ஈரத் துண்டு. மர நிழலில், காற்று படுகிற இடத்தில். இரண்டு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிப்பது பேரன் வேலை. அவனுக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை அந்தப் பயணத்தில் கிடைக்கவில்லை.

பேரனைக் குளிப்பாட்டும் தண்ணீருக்குப் பிடிக்கிற வெப்பமானியை உள்ளே போட்டோம். பிற்பகல் வெளியே 39. தொட்டிக்குள் 24. எங்கள் மின்சாரப் பெட்டியின் பதினெட்டுக்கு மூன்றுதான் குறைவு, பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை.

பெல்ஜியக்காரர் வந்து குனிந்து பார்த்தார். இந்தியாவில் எல்லோரும் இப்படித்தான் வைத்திருப்பார்களா என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் இது இவ்வளவு நன்றாக வேலை செய்யாது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால்தான் நிறைய ஆவியாகும். புதுச்சேரிக் கடற்காற்றில் ஈரம் அதிகம், பானை ஐந்தாறு டிகிரி இறக்கினாலே பெரிது. என் மனைவியின் அம்மா வீட்டு வித்தைக்கு ஆர்தெஷ் வெயில்தான் பொருத்தமாக இருந்தது.

அன்று 2019 ஜூன் 28. அன்றைக்குத்தான் தெற்கே ஏரோ மாவட்டத்தில் வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி பதிவானது, பிரான்சிலேயே அதுவரை இல்லாத வெப்பம். அந்த நாளில்தான் நாங்கள் இரண்டு பூந்தொட்டிகளுக்குக் காவல் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குச் சர்க்கரை 150க்கு வந்துவிட்டது. பீச் பழம் மறுபடி வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

லியோனுக்கு வந்த பிறகு இந்தப் பெட்டியின் சங்கதியைத் தேடிப் படித்தேன். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேர்கிற இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்று 1834இல் கண்டவர் பெல்தியே என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு விஞ்ஞானத்துக்கு வந்தவர். அவர் கண்டதில் குறை ஒன்றுமில்லை. அவர் மொழியில் எழுதிய தாளை வாசித்தும் விளங்கிக்கொள்ளாதவன் நான்தான்.

சரி, பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விசிறி மட்டும் உள்ள லேசான பெட்டி பெல்தியே வகை. ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராக வைக்கும், மே மாத வெயிலில் மருந்துக்கு அதை நம்பக்கூடாது. பல பெட்டிகளில் 'ஹாட், கோல்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் அதே பெட்டி சோறு சூடாக்கும். கை பட்டுத் திரும்பாமல் அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். வண்டி நின்றால் வயரைக் கழற்றுங்கள்.

கேஸில் ஓடுகிற வகையும் உண்டு. சத்தமே இருக்காது, ஆனால் தரை மட்டமாக இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் அதைக் கொளுத்தவே கூடாது, விஷப் புகை உயிரை எடுத்துவிடும்.

அடிக்கடி போகிறவர்கள் பணம் சேர்த்துக் கம்ப்ரஸர் வகை வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் பாலைவனப் பக்கம் போகிறவர்கள் இதற்கென்றே காரில் இரண்டாவது பேட்டரி வைத்துக்கொள்கிறார்கள். மருந்துக்கு 5 டிகிரியில் வைத்து, ஒரு நாள் முன்னதாகவே ஓடவிட்டுப் பாருங்கள்.

எப்போதாவது போகிறவர்களுக்கு நம் மீன்காரர்கள் வைத்திருக்கிற தெர்மாகோல் பெட்டியே போதும். பெரிய கட்டியாக ஐஸ் போடுங்கள், தூள் ஐஸ் சீக்கிரம் உருகும். மருந்து ஐஸைத் தொடாமல் துண்டில் சுற்றி, டப்பாவில் போட்டு வையுங்கள். எந்தப் பெட்டியானாலும் உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

தம்பி எல்லாம் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் அவருடைய அம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தெர்மாகோல் பெட்டி வாங்கியாச்சு. அந்த நீலப் பெட்டியில தண்ணி பாட்டில் வச்சுக்கறோம்" என்றார்.

அந்தத் தொட்டிகள் இன்னும் லியோனில் இருக்கின்றன. பெரியதில் மகள் புதினா போட்டிருக்கிறாள். சின்னதைப் பேரன் யாருக்கும் தருவதில்லை. இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, ராத்திரி வயரைச் செருகினது நீங்கதான்னு இப்பவாவது எழுதினீங்களே. இங்க சொந்தக்காரங்ககிட்டல்லாம் கார் பழசுன்னுதானே சொல்லிட்டுத் திரிஞ்சீங்க" என்றாள்.

அதுவும் உண்மைதான்.